பெட்டியை வெளியே தள்ளியவர்: ஜான் ஃபோல்ட்ஸும் 'தூய' இசையும்

எங்கள் மஞ்சக்குட்டைப் பக்கம் நோம்பிக்குக் கூத்து வைத்தால் கீழே இருந்து செட்டு மலையேறி வரும். வேசக்காரருக்குத் தொண்டை கட்டினாலும் பெட்டிக்காரர் விடிய விடியச் சுருதியை விடமாட்டார். பெட்டி என்றால் ஆர்மோனியம். அதை அகில இந்திய வானொலி 1940இல் வெளியே தள்ளியது. தடை தளரத் தொடங்கியதே 1971இல்தான். அதைத் தள்ளச் சொல்லி எழுதியவர்களில் ஒருவர் பிரிட்டிஷ் இசையமைப்பாளர், ஜான் ஃபோல்ட்ஸ்.

'வெள்ளைக்காரன், அப்படித்தான் எழுதுவான்' என்று முடித்துவிட முடியாது. விஷயம் அதைவிடச் சிக்கலானது.

ஃபோல்ட்ஸ் 1880இல் மான்செஸ்டரில் ஒரு வாத்தியக்காரர் வீட்டில் பிறந்தவர். அங்கே ஹாலே இசைக்குழுவில் செல்லோ வாசித்தார். முதல் உலகப்போரில் செத்த எல்லா நாட்டவருக்காகவும் 'எ வேர்ல்ட் ரெக்வியம்' என்ற இரங்கலிசையை எழுதினார். 1923 நவம்பர் 11இல் லண்டன் ஆல்பர்ட் அரங்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதைப் பாடி வாசித்தார்கள். 1926க்குப் பிறகு அதைக் கைவிட்டார்கள். அடுத்து அது முழுதாய் ஒலிக்க 2007 ஆக வேண்டியிருந்தது. இடையில் அவருக்குச் சோறு போட்டது நாடக இசை. பாரிஸில் ஊமைப்படத்துக்குப் பியானோ வாசித்தும் பிழைத்திருக்கிறார். நம் மொழியில் சொன்னால் அவரும் கூத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவர்தான்.

அவர் துணைவி மாட் மெக்கார்த்தி, அன்னி பெசன்ட்டோடு இந்தியா வந்து நம் சங்கீதத்தைக் கற்ற வயலின் கலைஞர். அவர் வழியாகத்தான் ஃபோல்ட்ஸுக்கு மேளகர்த்தா தெரிந்தது. பியானோவுக்கு எழுதிய 'எஸ்ஸேஸ் இன் த மோட்ஸ்', பெரிய இசைக்குழுவுக்கு எழுதிய 'த்ரீ மந்த்ராஸ்' இரண்டிலும் அந்தத் தேடல் இருக்கிறது. மூன்றாவது மந்திரத்தில் ஏழே சுரங்கள். அவற்றை விட்டு அந்தண்டை இந்தண்டை நகராமல் உச்சம் வரைக்கும் போகிறார். பியானோவின் கட்டைகளுக்கு இடையில் இருக்கும் கால்சுரங்களையும் இசைக்குழுவிடம் கேட்டு வாங்கியவர். கேட்டால் இப்போதும் உடம்பு அதிர்கிறது. இந்தக் காதல் பொய் இல்லை.

1935இல் இந்தியா வந்தார். தில்லி வானொலியில் மேற்கத்திய இசைப் பொறுப்பு. நம் வாத்தியங்களை வைத்தே ஒரு குழுவைக் கட்டினார். 1938இல் வானொலி ஏட்டில் ஆர்மோனியத்தைத் தாக்கி எழுதினார். அதன் சுரங்கள் நம் சுருதிக்குப் பொருந்தாது, கமகம் வராது என்பதுதான் வழக்கு. வராதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பியானோவில் மட்டும் வருமா? கமகத்தை உதிர்த்துவிட்டு வெறும் சுரவரிசையாய் மேளத்தைப் பியானோக் கட்டையில் ஏற்றியவர் இவர். பெட்டிக்காரர் செய்வதும் அதைத்தானே? அதே காரியத்தை ஐரோப்பியர் செய்தால் புதுமை, கூத்துக்காரர் செய்தால் கலப்படம்.

ஆனாலும் தனியாக ஒரு ஃபோல்ட்ஸால் இதைச் செய்திருக்க முடியாது. ஆனந்த குமாரசாமி 1909லேயே ஆர்மோனியத்தைச் சாடியிருந்தார். தாகூரும் தடை கேட்டவர். கீழைத்தேயத்தின் 'தூய்மை'யைத் தேடி வந்த ஐரோப்பியருக்கும், தேசியத்தின் 'தூய்மை'யைக் கட்டிய நம் மேலோருக்கும் ஒரே சொல்லாடல் பொதுவாக இருந்தது. அந்தப் பேச்சில் மலிவான வாத்தியத்தைத் தோளில் தூக்கி ஊர் ஊராய்ப் போனவருக்கு இடமே இல்லை. சென்னை நிலையம் 1938இல், திருச்சி 1939இல் தொடங்கியவை. வானொலி தமிழ்க் காதைப் பழக்கிய முதல் முப்பது வருசத்தில் பெரும்பகுதியும் பெட்டி வாசலுக்கு வெளியேதான். எது சங்கீதம், எது சத்தம் என்ற நம் தீர்ப்புகளில் எத்தனை அந்த வாசலில் உருவானவை?

ஃபோல்ட்ஸ் தடையைப் பார்க்க உயிரோடு இல்லை. 1939 ஏப்ரலில் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். பெட்டியைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கிற கைப்பெட்டியாக மாற்றியதும் அதே கல்கத்தாதான்.

அவரைக் கேட்காமல் ஒதுக்கச் சொல்லவில்லை. அவர் இசையில் இரண்டு உலகம் கலந்தது. அதுதான் அதன் உயிர். அந்தக் கலப்பை அவர் தனக்கு அனுமதித்துக்கொண்டார், பெட்டிக்காரருக்கு மறுத்தார். இங்கே கலக்கும் உரிமை யாருக்கு என்பதுதான் கேள்வி. மரபு பேசுகிற நாமும் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.