உலர்தாவரத் தொகுப்பு: பயனும் பழுதும்

தாவர சாஸ்திரத்தின் கருவிகளுள் நுண்ணோக்கிக்குக் கிடைத்த புகழ், ஒரு செடியைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்து அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, அது கிடைத்த இடத்தையும் நாளையும் எடுத்தவர் பெயரையும் ஓரத்துச் சீட்டில் எழுதி வைக்கும் எளிய வழக்கத்துக்குக் கிடைத்ததில்லை. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் லூக்கா கினி என்ற பேராசிரியர் தம் மாணாக்கர் வழியே பரப்பிய இவ்வழக்கம், இன்று உலகெங்கும் 3,000க்கு மேற்பட்ட நிலையங்களாகவும் ஏறத்தாழ 40 கோடித் தாள்களாகவும் பெருகி நிற்கிறது. புகைப்படமும் மரபணு ஆராய்ச்சியும் இவ்வளவு வளர்ந்தபின் காய்ந்த சருகுகளைக் கட்டிக் காப்பது வீண் சிரமம் என்று படித்தவர்களே சொல்லக் கேட்கிறோம். அந்த அபிப்பிராயம் முற்றும் பிழை என்பதும், ஆயினும் ஹெர்பேரியம் என்னும் இவ்வுலர்தாவரத் தொகுப்பை நாம் நடத்தும் முறையில் கண்டிக்கத்தக்க குறை உண்டு என்பதும் என் துணிபு.

எடுத்தவர் நினைத்தும் பாராத கேள்விக்கு அவர் எடுத்த செடி விடை தருவதே இதன் தலையாய சிறப்பு. 1845இல் தொடங்கி அயர்லாந்தின் உருளைக்கிழங்கு வயல்களை அழித்து, சுமார் 10 லட்சம் மக்களைப் பட்டினிக்கும் பிணிக்கும் பலியாக்கிய கருகல் நோயின் அடையாளமாக, அந்நூற்றாண்டின் அறிஞர் சிலர் கருகிய இலைகளை உலர்த்தி வைத்தனர். லண்டனின் கியூ தோட்டத்திலும் ஜெர்மனியின் மியூனிக் நகரிலும் பத்திரமாகக் கிடந்த அவ்விலைகளிலிருந்து நோய்க்கிருமியின் மரபுப்பொருளைப் பிரித்தெடுத்த ஆராய்ச்சியாளர், அதுவரை சந்தேகிக்கப்பட்ட வகையன்று, வேறொரு வகையே அப்பஞ்சத்தை விளைத்தது என்று 2013இல் நிறுவினர். இங்கிலாந்தில் உட்வர்டு என்பார், 200 ஆண்டுகளாகச் சேர்ந்த மரத்தழைகளில் இலைத்துளைகளை எண்ணிப் பார்த்து, அவற்றின் நெருக்கம் ஏறத்தாழ 40 சதவீதம் குறைந்திருப்பதையும், காற்றில் பெருகிவரும் கரியமில வாயுவுக்கும் இதற்கும் உள்ள சம்பந்தத்தையும் 1987இல் வெளியிட்டார். புகைப்படத்தில் இலைத்துளையை எண்ண முடியுமா? கிருமியைப் பிரித்தெடுக்க முடியுமா? நம் நாட்டிலேயே, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராப்பினாட் ஹெர்பேரியத்தில் மாத்யூ பாதிரியார், முன்னோர் எழுதியதைப் பெயர்த்தெழுதாமல் புதிதாகச் சேகரித்த தாள்களையே ஆதாரமாகக் கொண்டு, தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய பெருநூலைச் சமைத்தார்.

இனிக் குறைகளைப் பார்ப்போம். செங்காந்தளின் தாள் ஒன்றைக் கையில் எடுத்தால், கொடியைப் பற்றுக்கோட்டில் ஏற்றும் இலைநுனிச் சுருள் அப்படியே இருக்கும். மலரின் ஆறு இதழ்களும் அலையலையான விளிம்போடு அடையாளம் தெரியும். ஆனால் பசுமையில் தொடங்கி மஞ்சளாகிச் செந்தீயாக மாறும் அதன் வர்ண பேதமெல்லாம் பழுப்பாகிப்போயிருக்கும். மருந்தும் நஞ்சுமான கிழங்கையோ பெரும்பாலும் யாரும் தோண்டி எடுத்திருக்க மாட்டார்கள். பூச்சி அரிக்காமல் இருக்கத் தாள்களில் பூசிய பாதரசக் குளோரைடு, அவற்றைப் புரட்டும் ஊழியரின் தேகத்துக்குக் கேடு. சாலையோரத்திலும் எளிதில் ஏறும் குன்றுகளிலும் தாள்கள் குவிய, எட்டாத பள்ளத்தாக்குகள் வெறுமையாகக் கிடப்பதும் உண்மையே. இவையெல்லாம் பொறுக்கத்தக்கவை, அல்லது திருத்தத்தக்கவை.

பொறுக்கவொண்ணாத குறை அந்தச் சீட்டில் இருக்கிறது. மலையேறிய துரையின் பெயர் சீட்டில் நிற்கும். வழிகாட்டி அழைத்துச் சென்று, செடியைச் சுட்டிக்காட்டி, பெயரும் குணமும் சொன்ன மலைவாசியின் பெயர் பெரும்பாலும் நிற்காது. அகத்தியமலைச் சாரலில் வளரும் ஆரோக்கியப்பச்சை என்னும் சிறு மூலிகையின் இனத்துக்குத் தாவர சாஸ்திரம் 18ஆம் நூற்றாண்டிலேயே லத்தீன் பெயர் சூட்டிவிட்டது. ஆனால் அதன் காயைத் தின்றால் களைப்புத் தெரியாது என்ற விஷயம், 1987இல் ஆய்வாளருடன் மலையேறிய காணிக்காரப் பழங்குடியினர் அதைத் தின்றுகொண்டே நடந்ததைக் கண்டபிறகுதான் விஞ்ஞான உலகுக்குத் தெரியவந்தது. இதற்கு மாறான முன்மாதிரியும் நமக்கு அருகிலேயே உண்டு. 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சான ‘ஹோர்டஸ் மலபாரிகஸ்’ நூலில், டச்சு ஆளுநர் வான் ரீடு, தமக்கு உதவிய வைத்தியர் இட்டி அச்சுதனின் வாக்குமூலத்தை அவர் பெயராலேயே பதிப்பித்தார். 17ஆம் நூற்றாண்டில் இயன்ற இந்த நேர்மையைப் பிற்காலத்தார் கைவிட்டதற்கு நியாயம் ஏதும் எனக்குப் புலப்படவில்லை.

சேர்த்ததை ஆராயாமல் கிடத்துவது இன்னொரு பெரும் பழுது. புதிதாக விவரிக்கப்படும் பூக்கும் தாவர இனங்களில் ஏறத்தாழ கால்பங்கு, பறிக்கப்பட்டு 50 ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் காத்திருந்தவையே என்று 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. காத்திருக்கும் தாள் எந்நாளும் க்ஷேமமாக இருக்கும் என்ற உறுதியும் இல்லை. 1943 மார்ச்சில் பெர்லின் ஹெர்பேரியம் குண்டுவீச்சில் எரிந்தபோது, பல இனங்களுக்கு மூல ஆதாரமாயிருந்த தாள்கள் மீட்சியின்றி அழிந்தன.

நம் கல்லூரிகளில் மாணவர்கள் மதிப்பெண்ணுக்காகக் குப்பைமேனியையும் நாயுருவியையும் அவசரமாக ஒட்டிக் கொடுக்க, தேர்வு முடிந்ததும் அவை குப்பைக்குப் போகின்றன. தாவரவியல் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: எண்ணிக்கையைக் குறைத்து ஐந்தே தாள் கேளுங்கள், ஒவ்வொன்றின் சீட்டிலும் ஊரின் பெயர், மண்ணின் தன்மை, மலரின் நிறம், ஊரார் வழங்கும் பெயர், சொன்னவரின் சம்மதத்தோடு அவர் பெயரும் அவர் சொன்ன பயனும் இருக்கட்டும், அவற்றுள் தேறியவற்றைக் கோவையிலுள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கோ திருச்சிக்கோ கேட்டு அனுப்பி வையுங்கள்.