சொகுசுக் கப்பல் விமர்சனங்களில் கப்பலைக் காணோம்

சென்னைத் துறைமுகத்திலிருந்து எம்ப்ரஸ் என்ற சொகுசுக் கப்பலின் பயணத்தை 2022 ஜூனில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். அதற்கு முன் நம்மில் பலருக்கு க்ரூஸ் என்றால் ‘மன்மதன் அம்பு’ (2010) படத்தில் பார்த்த மத்தியத் தரைக்கடல் கப்பல்தான். அதற்குப் பின் தமிழில் ஒரு புது வகையே முளைத்துவிட்டது. வீடியோவாகவும் பதிவாகவும் க்ரூஸ் விமர்சனங்கள். சில மாதங்களாக இவற்றை விடாமல் பார்த்தும் படித்தும் வருகிறேன். கடலே இல்லாத பேரையூர்க்காரனுக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

முதலில் இந்த விமர்சனங்களின் வார்ப்பைப் பார்த்துவிடலாம். செக்-இன் வரிசை. அடுத்து ரூம் டூர்: ஜன்னல் இல்லாத அறையா, ஜன்னல் உள்ளதா, பால்கனியா. அப்புறம் பஃபே: தட்டில் என்னென்ன விழுந்தது, வெஜ் கிடைக்குமா, காலையில் இட்லி உண்டா. நீச்சல் குளம், இரவு ஷோ, வைஃபைக்குத் தனிக் காசு. கடைசியில் தீர்ப்பு: கொடுத்த காசுக்கு வொர்த்தா இல்லையா. இதே வரிசையில் கொடைக்கானலில் ஒரு ரிசார்ட்டையும் விமர்சிக்கலாம், ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது. கப்பலைப் பற்றிய விமர்சனத்தில் கப்பலைக் காணோம். அதுதான் என் புகார்.

இதில் யாரும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. கப்பல் எதைக் காட்டுவதற்காக வடிவமைக்கப்பட்டதோ அதைத்தான் அவர்கள் படம் பிடிக்கிறார்கள். எங்கள் மென்பொருள் தொழிலில் ஃப்ரண்ட் எண்ட், பேக் எண்ட் என்று சொல்வோம். பயனர் கண்ணில் படுவது முன்னது. பின்னதில் நடக்கும் ரகளை அவருக்குத் தெரியவே கூடாது, அதுதான் நல்ல வடிவமைப்பு. பயனருக்கு அது போதும். ஆனால் ‘விமர்சனம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு வருபவருக்கு அது போதாது.

போகுமிடம் இல்லாத பயணம்

எம்ப்ரஸின் பயணத் திட்டங்களில் என்னை உட்கார வைத்து யோசிக்க வைத்தது ஒன்று: ‘சென்னை – ஆழ்கடல் – சென்னை’. எங்கேயும் போகவில்லை. கடலுக்குள் போய்விட்டுத் திரும்பி வருகிறது. அதே ஜூனில் புதுச்சேரியில் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் போனது. சூதாட்டம், கலாசாரம் என்று அங்கே பெரிய அரசியல் சர்ச்சை நடந்தது. ரயிலாக இருந்தால் போக வேண்டிய ஊரில் இறங்க முடியாதது பயணத்தையே கெடுத்துவிடும். ஒரு க்ரூஸ் தொழில் அதைத் தாங்கிக்கொள்ளும். கப்பலே போகுமிடம் ஆகிவிட்டதால் துறைமுகம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பஃபே நடக்கும்.

இது தற்செயல் அல்ல, தொழிலின் பிறப்பிலேயே இருக்கிறது. 1891 ஜனவரியில் ஹாம்பர்க்–அமெரிக்கா நிறுவனத்தின் ஆல்பர்ட் பாலின், அட்லாண்டிக் கடக்கும் ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பலை மத்தியத் தரைக்கடலுக்கு உல்லாசப் பயணமாக அனுப்பினார். ஏன்? குளிர்காலத்தில் அட்லாண்டிக்கில் கூட்டம் குறைவு. சும்மா நிற்கும் கப்பலுக்கும் செலவு உண்டு. காலியாகக் கிடந்த சர்வரை வாடகைக்கு விட்ட மாதிரிதான். அது பிடித்துப்போகவே 1900-ல் உல்லாசத்துக்கென்றே ‘பிரின்ஸெஸின் விக்டோரியா லூயிஸ்’ கட்டப்பட்டது. அதில் முதல் வகுப்பு அறைகள் மட்டும்தான். மூன்றாம் வகுப்புப் பயணி என்று ஒருவர் கிடையாது.

இந்தக் கடைசி விவரம் முக்கியம். சென்னையிலிருந்து போன இன்னொரு கப்பலோடு ஒப்பிட்டால் ஏன் என்று புரியும்.

ராஜுலா

ராஜுலாவை நம் பெரியவர்கள் ‘ரஜூலா’ என்பார்கள். 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடையது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. தொடக்க காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு உரிமம் இருந்தது. இன்றைக்கு உலகின் மிகப் பெரிய க்ரூஸ் கப்பல்களில் ஒன்றான ‘ஐகான் ஆஃப் த சீஸ்’ (2024) அதிகபட்சம் 7,600 பயணிகளை ஏற்றும், மொத்தக் கொள்ளளவு 2,48,663 டன். ராஜுலா சுமார் 8,500 டன்தான். நெரிசலை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ராஜுலாவை நினைத்து ஏங்கச் சொல்லவில்லை. தோட்டக் கூலிகளையும் சிறு வியாபாரிகளையும் டெக்கில் பாய் விரித்துப் படுக்க வைத்துக் கொண்டுபோன கப்பல் அது. ஆனால் அந்தக் கப்பலில் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. டெக் டிக்கெட்காரர் அண்ணாந்து பார்த்தால் கேபின் தெரியும். கேபின்காரர் குனிந்தால் டெக் தெரியும். யார் எங்கே போகிறார், ஏன் போகிறார் என்பதும் எல்லாருக்கும் தெரியும். ராஜுலா 1970-களில் ஓய்வு பெற்றது. பின் அதே வழித்தடத்தில் ஓடிய எம்.வி. சிதம்பரம், 1985 பிப்ரவரியில் நடந்த உயிர்ப்பலி கொண்ட தீ விபத்தோடு நின்றது.

க்ரூஸ் செய்த மாற்றம் இதுதான் என்பது என் வாசிப்பு. பழைய கப்பலில் ஏழை, பணக்காரன் என்ற கோடு பயணிகளுக்கு நடுவே ஓடியது. க்ரூஸ் கப்பல் ஏழைப் பயணியை எடுத்துவிட்டது. பயணிகள் எல்லாரும் ‘விருந்தினர்’ ஆனார்கள். கோடு மட்டும் அழியவில்லை. பயணிக்கும் பணியாளருக்கும் நடுவே நகர்ந்தது, ‘பணியாளர் மட்டும்’ என்று எழுதிய ஒரு கதவுக்குப் பின்னால் போய்விட்டது. அமெரிக்கக் கப்பல்களில் அந்தக் கதவுக்குப் பின்னே கப்பலின் நீளத்துக்கு ஓடும் நடைபாதைக்கு ‘ஐ-95’ என்று செல்லப் பெயர். அது அமெரிக்கக் கிழக்குக் கரை நெடுஞ்சாலையின் எண். அவ்வளவு போக்குவரத்து. விமர்சன வீடியோக்களில் அந்தக் கதவு அடிக்கடி பின்னணியில் வந்துபோகும், யாரும் கேமராவைத் திருப்புவதில்லை.

காரணம்

இப்போது பேரையூருக்கு வருகிறேன். எங்கள் பக்கம், உசிலம்பட்டி, டி.கல்லுப்பட்டி என்று சுற்றுவட்டாரத்தில், மானாவாரி நிலத்தை நம்பி எல்லாப் பிள்ளைகளும் உட்கார முடியாது. சிலர் என்னைப் போல இன்ஜினியரிங் படித்து வெளியேறினோம். சிலர் மதுரையில் கேட்டரிங் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போகிறார்கள். எனக்குத் தம்பி முறை ஆகும் ஒருவர் ஒரு க்ரூஸ் கப்பலில் சலவைப் பிரிவில் இருக்கிறார். கப்பலும் பேரும் வேண்டாம். லீவில் ஊருக்கு வந்தபோது பேசிக்கொண்டிருந்தோம்.

“கடலப் பாத்தே ஒம்பது நாள் ஆயிருக்கும்ணே சில சமயம்.”

“கப்பல்ல இருந்துக்கிட்டா?”

“லாண்டரி கீழ இருக்குண்ணே. ஜன்னல் கெடையாது. ஷிப்ட் முடிஞ்சா தூக்கந்தான் வரும், கடலயா பாக்கத் தோணும்?”

நானும் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து மூன்று இரவு க்ரூஸ் போய் வந்தவன்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது, பிள்ளைகளுக்கு இறங்க மனமில்லை. தினமும் இரண்டு வேளை புதுத் துண்டு வந்தது. அந்தத் துண்டுக்கும் தம்பியின் ஒன்பது நாளுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. அவருடைய பேச்சைக் கேட்ட பிறகுதான் விமர்சனங்களில் எதைத் தேட வேண்டும் என்பது எனக்குத் தெளிவானது.

அந்தப் பயணத்தில் கப்பல் தன்னைக் கப்பல் என்று ஒப்புக்கொண்டது ஒரே ஒரு தடவை: புறப்படும் முன் நடந்த பாதுகாப்பு ஒத்திகையில். ஏழு குட்டி ஒலி, ஒரு நீண்ட ஒலி. எந்தப் படகு நம்முடையது, லைஃப் ஜாக்கெட்டை எப்படிக் கட்டுவது. சுற்றியிருந்தவர்கள் செல்ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதி 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறியவர்களுக்கு அந்த ஒத்திகை அதுவரை நடக்கவில்லை, மறுநாள் என்று வைத்திருந்தார்கள். அதன் பிறகுதான் புறப்படும் முன்போ, புறப்பட்ட உடனேயோ நடத்தியே ஆக வேண்டும் என்று சர்வதேச விதி இறுகியது. நான் பார்த்த விமர்சனங்களில் இந்த ஒத்திகை வெட்டி எறியப்படும் ‘போர்’ பகுதி.

நல்ல விமர்சனம் எப்படி இருக்கும்?

இந்த வகையில் உலகப் புகழ் பெற்றது டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் எழுதிய நீண்ட கட்டுரை. 1995-ல் ஏழு இரவு கரீபியன் பயணம் போய்விட்டு, 1996 ஜனவரி ‘ஹார்ப்பர்ஸ்’ இதழில் எழுதினார். அதில் நமக்கு இன்றும் உதவும் பகுதி ஒன்று உண்டு. கப்பல் நிறுவனத்தின் விளம்பரப் புத்தகத்தில் ஃபிராங்க் கான்ராய் என்ற மதிப்புக்குரிய எழுத்தாளரின் கட்டுரை இருந்தது. காசு வாங்கி எழுதியது. ஆனால் விளம்பரம் என்று சொல்லாமல் இலக்கியக் கட்டுரை வேடத்தில் இருந்தது. அழகாக எழுதியிருப்பதுதான் அதில் கெடுதல் என்று வாலஸ் வாதிடுகிறார். இன்றைய ‘கொலாப்’ வீடியோக்களுக்கு அப்படியே பொருந்தும். டிக்கெட் யார் எடுத்தது என்று சொல்லாத விமர்சனத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

ஆனால் வாலஸிடமும் எனக்கு ஒரு மனக்குறை. பணியாளர்களின் பயத்தையும் கட்டாயச் சிரிப்பையும் அவர் கவனிக்கிறார். இருந்தாலும் கட்டுரையின் மையம் அவர் மனசுதான்: கவனிப்பு கூடக் கூட நம்முள் இருக்கும் குழந்தை இன்னும் கேட்கும் என்பது. அது சரியான கவனிப்பு. ஆனால் ஒரு பயணியின் சலிப்பு அதில் எடுத்துக்கொள்ளும் இடத்தில், துண்டு துவைப்பவரின் நாள் எத்தனை மணி நேரம் என்ற கேள்வி ஓரமாகப் போய்விடுகிறது.

அந்த ஓரம் ஒரு தடவை மையத்துக்கு வந்தது. 2020 பிப்ரவரி, ஜப்பானின் யோகோஹாமா, டயமண்ட் பிரின்சஸ். கப்பலில் 3,711 பேர். கொரோனா என்று தெரிந்ததும் பயணிகளை அறைக்குள் தனிமைப்படுத்தினார்கள். அவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தது யார்? ஆயிரத்துச் சொச்சம் பணியாளர்கள். அவர்கள் அறைகளைப் பகிர்ந்துகொண்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டு, வேலையைத் தொடர்ந்தார்கள். பயணிக்குத் தனிமை என்ற வசதியும் பணியாளரின் உழைப்பில்தான் கிடைத்தது. மொத்தம் 712 பேருக்குத் தொற்று. கப்பல் நிற்பது ஜப்பானில், கொடி பிரிட்டனுடையது, நிறுவனம் அமெரிக்காவுடையது. பொறுப்பு யாருடையது என்பதே குழப்பம். அதில் இருந்த இந்தியர்கள் 138 பேர், அவர்களில் 132 பேர் பணியாளர்கள், பயணிகள் 6 பேர்தான். மதுரைக்காரர் ஒருவரும் பணியாளர்களில் இருந்தார். பிப்ரவரி 27 அன்று ஏர் இந்தியா விமானம் 119 இந்தியர்களை டெல்லிக்குக் கொண்டுவந்தது.

132-க்கு 6. நம் ஊருக்கும் க்ரூஸுக்கும் உள்ள உறவை இந்த எண்கள் சொல்கிற அளவுக்கு எந்த ரூம் டூரும் சொல்லவில்லை. தமிழில் க்ரூஸ் பற்றி எழுதும்போது ஆறு பேரின் கண்ணால் மட்டும் பார்க்கிறோம்.

ஆகவே அடுத்து போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பஃபேயைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே நாலு விஷயம் சேருங்கள். கப்பல் எப்போது, எங்கே கட்டியது (எம்ப்ரஸ் 1990-ல் பிரான்ஸில் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் பிறந்தது). எந்த நாட்டுக் கொடி பறக்கிறது. டிப்ஸ் என்று தினமும் பில்லில் ஏறும் தொகை யாருக்குப் போகிறது. ஒத்திகை எப்படி நடந்தது. இவற்றுக்கு எந்தக் கதவையும் உடைக்க வேண்டாம், கேட்டாலே போதும். பணியாளரைப் பேட்டி எடுக்கிறேன் என்று கேமராவை மட்டும் நீட்டாதீர்கள், அவர் வேலைக்கு ஆபத்து.

கப்பல் வேலைக்குப் போகும் தம்பிகளுக்கு இரண்டு வரி. சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-ல் ஏற்றுக்கொண்டது. அதன்படி 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி, 7 நாளில் குறைந்தது 77 மணி ஓய்வு உங்கள் உரிமை. வேலை வாங்கித் தருவதற்கு ஏஜென்ட் உங்களிடம் காசு வாங்கக் கூடாது, கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் அவரிடம் இருக்க வேண்டும். லட்சக் கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ராஜுலாவில் போன மதுரைப் பக்கத்து ஆட்களைப் பற்றித் தனியாகக் குறிப்பு சேர்த்து வருகிறேன். உங்கள் வீட்டில் பழைய டிக்கெட்டோ, பினாங்கிலிருந்து வந்த கடிதமோ இருந்தால் எழுதுங்கள். டெக்கில் படுத்துப் போனவர் அந்தப் பயணத்தைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார் என்பதுதான் எனக்கு முதலில் வேண்டும்.