கையறுநிலையும் ஒரு பேருந்தும்

இறந்தார்க்கு இரங்கிப் பாடுவதைக் கையறுநிலை எனத் துறை வகுத்தனர் நம் முன்னோர். உயிரற்ற பொருளுக்கும் கையறுநிலை உண்டோ? உண்டு என்று 2005ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9ஆம் நாள் இலண்டன் மாநகரம் விடை பகர்ந்தது. அன்று 159ஆம் எண் தடத்தில் ‘ரூட்மாஸ்டர்’ என்னும் இரட்டை மாடிச் செம்பேருந்து இறுதியாக ஓடியது. நடத்துநருடன் இயங்கிய அப்பழைய பேருந்தின் வழக்கமான சேவை அதனோடு முடிந்தது. தெருவோரங்களில் மக்கள் திரண்டு நின்று வழியனுப்ப, அது பிரிக்ஸ்டன் பணிமனையைச் சென்றடைந்தது.

அவ்விரக்கம் போலியன்று. 1956இல் முதன்முதலாகத் தெருவிற்கு வந்த அவ்வகை வண்டிகள், 1968 வரை 2,876 கட்டப்பெற்றன. அலுமினிய உடலால் எடை குறைந்தவை. கதவில்லாப் பின்மேடையால் பெயர் பெற்றவை. நெரிசலில் வண்டி நின்றவிடத்தே இறங்கி நடக்கலாம். ஓட்டுநர் முன்னறையில் தனித்திருக்க, நடத்துநர் மக்களிடையே உலவிப் பயணச்சீட்டு வழங்கினார். மணியடித்து வண்டியைப் புறப்படச் செய்தார். வழி தெரியாதார்க்கு வழி கூறினார்.

ஆயினும், அந்நாளை ஒட்டி எழுந்த புலம்பல்களை இலக்கியமாகக் கொண்டு திறனாய்ந்தால், அவற்றுள் பலவற்றில் இரு குறைகள் புலனாகின்றன.

முதற்குறை, வண்டியைப் பாடி மனிதரை மறந்தமை. கபிலர் பறம்பை நினைந்து பாடினார் எனினும், அவர் அழுதது மலைக்காக அன்று, பாரிக்காக. மலை, மனிதனைக் காட்டும் கண்ணாடியாயிற்று. இலண்டன் புலம்பலிலோ கண்ணாடியே முகமாகிவிட்டது. அப்பின்மேடையில் நின்றவர் யாவர்? 1956 முதல் இலண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோசுத் தீவிலிருந்து ஆள் சேர்த்தது. கடல் கடந்து வந்தவர் பலர்க்கு நடத்துநர் பணியே புதிய நாட்டில் முதற்பிடிப்பாயிற்று. அப்பணியும் எளிதிற் கிட்டியதன்று. பிரிஸ்டல் நகரில் நிறத்தவர்க்கு அது மறுக்கப்பட்டதால், 1963இல் மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்துப் போராடியே தடையை நீக்கினர். இவ்வரலாறு இன்றிப் பாடப்படும் இரங்கல், பாட்டுடைத் தலைவன் இல்லாத பாட்டு.

இரண்டாம் குறை, ஏறவே இயலாதிருந்தவரை எண்ணாமை. அப்பின்மேடை இளங்கால்களுக்கு விடுதலை. சக்கர நாற்காலியில் இருப்பவர்க்கோ அது மதில். 1995இல் இயற்றப்பட்ட உடற்குறையுடையோர் உரிமைச் சட்டத்தின் வழியே, பேருந்து அனைவர்க்கும் உரியதாதல் வேண்டும் என்னும் நெறி வலுப்பெற்றது. தாழ்தளப் பேருந்துகள் அந்நெறிக்கு ஏற்றவை. ஒருவரது இன்பநினைவு மற்றவரது அடைபட்ட வாயிலாக இருந்ததை உணராத இரக்கம் முழுமையான இரக்கமாகாது.

அங்ஙனமாயின் பழையது போனது நன்றே எனலாமோ? அதுவும் பொருந்தாது. படியை நீக்கியது அறம். நடத்துநரை நீக்கியது சிக்கனம். இவ்விரண்டும் வேறு வேறு. தாழ்தளப் பேருந்திலும் நடத்துநர் இருக்கத் தடையில்லை. ஆனால் இரண்டும் ஒரே நாளில் நிகழ்ந்தமையால், அறத்தின் நிழலில் சிக்கனம் ஒளிந்துகொண்டது. புலம்பியவரும் அதனைப் பிரித்தறியவில்லை.

பின்னர் நிகழ்ந்ததே இதற்குச் சான்று. 2012இல் அதே பெயரை நினைவூட்டும் புதிய பேருந்து, தாழ்தளத்தோடும் திறந்த பின்மேடையோடும் வந்தது. மேடையில் பணியாளரும் நின்றார். 2016இல் செலவு கருதி அப்பணியாளரை நீக்கினர், பின்மேடையும் கதவடைக்கப்பட்டது. வடிவம் எஞ்சியது, மனிதர் மீண்டும் மறைந்தார். இம்முறை தெருவோரங்களில் முன்போல் கூட்டம் திரளவில்லை.

மறைந்துவரும் தொழில்களைப் பற்றி மாணவரைக் கட்டுரை எழுதப் பணிக்கும் ஆசிரியர்கள் இதனை எண்ணிப் பார்த்தல் நலம். “அழகிய பழமை போயிற்றே” என்று முடிக்கும் கட்டுரைக்கு மதிப்பெண் இடுமுன், இரு வினாக்களை எழுப்புங்கள்: அங்கு நின்று உழைத்தவர் யார்? அங்கு ஏற முடியாமல் நின்றவர் யார்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் இரங்கலே இலக்கியமாகும்.