தூரத்தில் ஒரு குளம்படி

நெய்வேலியில் எங்கள் வட்டத்தில் பலாமரம் இல்லாத தோட்டம் அபூர்வம். 'விடாது கருப்பு' ஓடிய இரவுகளில் அந்த மரத்திலிருந்து ஒரு சருகு விழுந்தாலும் எங்கள் காதுக்கு அது குதிரைக் குளம்படிதான். இந்திரா சௌந்தர்ராஜன் எழுதி நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வரிசைக் கதை அது. 1990-களில் சன் டிவியில் வந்தது. தப்பு செய்தவனைத் தேடிக் காவல் தெய்வமான கருப்பு வருகிறது என்றால் அவசரப்பட்டு முகத்தைக் காட்டிவிட மாட்டார்கள். முதலில் தூரத்தில் சத்தம். அப்புறம் குதிரையின் கால்கள். அதற்குள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் கத்தி பாதிக் காயில் நின்றிருக்கும். நைட் ஷிப்டுக்குக் கிளம்பிய அப்பா, ஒரு காலில் ஷூவும் மறுகாலில் சாக்ஸுமாக வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவார். சரியாக அப்போது 'தொடரும்' என்று போடுவார்கள்.

சமீபத்தில் யூடியூபில் மறுபடி பார்த்தேன். முடிச்சு எங்கே அவிழும் என்று இப்போது தெரியும். அதனால்தானோ என்னவோ, முடிச்சுப் போட்ட விரல்களின் நிதானம் கண்ணில் பட்டது. ஒரு பார்வையைச் சற்றுக் கூடுதலாக நிற்க விடுகிறார்கள்; பேச வேண்டிய இடத்தில் பேசாமல் இருக்கிறார்கள். படம் கொஞ்சம் மங்கல்தான். குளம்படி மட்டும் மங்கவில்லை. பார்த்து முடித்ததும் எழுந்துபோய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.