கம்பெனி விட்டதை வீட்டில் முடித்தவர்கள்

1946 செப்டம்பரில் இத்தாலியின் டூரின் நகரில் ஒரு கார் பந்தயம் நடந்தது. போர் முடிந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த காலம். அதில் ஓடிய டாட்சியோ நுவோலாரிக்கு, பந்தயத்தின் நடுவிலேயே ஸ்டியரிங் சக்கரம் கையோடு கழன்று வந்துவிட்டது. மனிதர் அசரவில்லை. மிச்சமிருந்த தண்டைப் பிடித்து வண்டியைத் திருப்பிக்கொண்டே, கழன்ற சக்கரத்தைப் பிட் பக்கம் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார். அவர் ஓட்டியது சிசிடாலியா டி46 என்ற சின்னஞ்சிறு ஒற்றை இருக்கை வண்டி. அதன் எஞ்சின் பந்தயத்துக்கென்று பிறந்ததல்ல. குடும்பத்தோடு சர்ச்சுக்குப் போகிற பியட் 1100 காரின் எஞ்சினை எடுத்து, சீவி, தேய்த்து, முறுக்கேற்றி வைத்திருந்தார்கள். மறு வருடம் வந்த சிசிடாலியா 202 காருக்கும் அதே எஞ்சின்தான். பினின் ஃபரீனா உடல் வடித்த அந்தக் கார் இன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

இதெல்லாம் எதற்கு என்றால், அந்த எஞ்சினின் வாரிசுதான் நம் ஊர் பிரீமியர் பத்மினியின் பானட்டுக்குள்ளும் இருந்தது. 68 மில்லிமீட்டர் போர், 75 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 1089 சி.சி. 1937இல் வந்த பியட் 508 சி காருக்கு டான்டே ஜியாகோசாவின் குழு வைத்த அளவு அது. பம்பாய் குர்லாவில் பத்மினியின் தயாரிப்பு நின்றபோதும் அந்த அளவு மாறவில்லை. வார்ப்பிரும்பு பிளாக், மேலே அலுமினிய ஹெட், மூன்று மெயின் பேரிங். பிறந்த நாளிலிருந்தே யாராவது ஒருவர் இதைக் கழற்றிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். பியட் வைத்திருந்த நம் சித்தப்பாக்களும் பெரியப்பாக்களும் ஞாயிற்றுக்கிழமை லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பானட்டைத் திறந்தபோது, அவர்களுக்கே தெரியாமல் அந்தப் பரம்பரையில்தான் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

"ஓடற வண்டியை எதுக்கு சார் நோண்டுறீங்க?" என்று மெக்கானிக்குகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் பத்மினியின் சரித்திரத்தில் இருக்கிறது. 1964இல் பியட் 1100 டிலைட் என்று வந்த வண்டி, 1972இல் பிரீமியர் பிரசிடென்ட் ஆனது, 1974இல் பத்மினி ஆனது. பெயர் மாறியது, கிரில் மாறியது, உள்ளே பெரிதாக ஒன்றும் மாறவில்லை. இறக்குமதிக்கு வழியில்லை, போட்டிக்கு ஆளில்லை. பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க ஜனம் வரிசையில் நின்றது. அப்புறம் கம்பெனி எதற்காக மாற்றும்? ஆனால் இத்தாலியில் இதே வண்டி சும்மா இருக்கவில்லை. 1966இல் வந்த பியட் 1100 ஆர் மாடலில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, தரையில் கியர் வந்துவிட்டது. டூரினில் கம்பெனி செய்துகொடுத்ததை இங்கே வண்டிக்காரர் தன் ஷெட்டில், மெட்ராஸ் ஜி.பி. ரோட்டில் வாங்கிய சாமானையும் தெருமுனை லேத்தையும் நம்பி, தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதனால்தான் வீட்டில் செய்த பத்மினி வேலைகளை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் ஒதுக்க முடிவதில்லை. நடக்க வேண்டிய முன்னேற்றம் தொழிற்சாலையில் நடக்காமல், கார் ஷெட்டில் நடந்தது.

நல்ல வேலைக்கு ஓர் உதாரணம் சொல்லச் சொன்னால், ஹெட்லைட் ரிலேயைத்தான் சொல்வேன். பார்க்க ஒன்றுமே இருக்காது. பத்மினியின் இரண்டு வட்ட விளக்குகளிலும் 60/55 வாட் ஹாலஜன் பல்பு போட்டால், ஹை பீமில் 120 வாட். 12 வோல்ட் வண்டியில் அது 10 ஆம்பியர். பழைய வயரிங்கில் இந்தப் பத்து ஆம்பியரும் பேட்டரியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டுக்குப் பின்னால் சுற்றி, ஸ்விட்சின் தேய்ந்த பித்தளை முனைகளைத் தாண்டி, திரும்ப முன்னால் வந்து பல்பைச் சேர வேண்டும். வழியெல்லாம் வோல்ட் சிந்தும். வோல்ட்டில் 10 சதவீதம் குறைந்தால் பல்பின் வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். "பியட்டுக்கு லைட்டே பத்தாது" என்று ஊரெல்லாம் சொன்னதன் காரணம் பாதி இதுதான். ஜனம் 100 வாட் பல்பு வாங்கிப் போட்டது. ஸ்விட்ச் கருகியது, எதிரே வருபவன் கண் கூசியது, சாலை மட்டும் இருட்டாகவே இருந்தது.

விஷயம் தெரிந்தவர் பல்பைத் தொடமாட்டார். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃப்யூஸ், அங்கிருந்து தடித்த ஒயர் ரிலேயின் 30ஆம் முனைக்கு. 87இலிருந்து நேராக விளக்குக்கு. பழைய ஒயரை வெட்டமாட்டார். விளக்கின் பின்னாலிருந்து உருவி, 86இல் செருகுவார். 85 பாடிக்கு எர்த். இனிமேல் ஸ்விட்ச் வழியாகப் போவது ரிலேயைத் தட்டி எழுப்புகிற கொஞ்சம் கரண்ட் மட்டும். ஹை பீமுக்கு ஒன்று, லோ பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. எர்த் முனைக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, பளிச்சென்று தகடு தெரிந்த பிறகே போல்ட்டை இறுக்குவார், மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுவார். இந்த வேலையின் தரம் வெளிச்சத்தில் தெரியும் என்பது உண்மைதான். எனக்கு அதைவிட முக்கியம், ஒயர்கள் போகிற பாதை. கைதேர்ந்தவர் போட்ட ஒயர் கட்டு, மல்லிகைச் சரம்போல ஒரே இடைவெளியில் முடிச்சு விழுந்து, ரேடியேட்டர் ஓரமாகவே போய், எங்கேயும் தொங்காமல், சூடான எதையும் தொடாமல் முடியும். ஒரு வண்டியின் பானட்டைத் தூக்கியதும் நான் முதலில் பார்ப்பது அதைத்தான். அங்கே கறுப்பு டேப் சுற்றிய முடிச்சுகள் தொங்கினால், மற்றதைப் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

அடுத்தது டைனமோ. சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் சுற்று குறையும். டைனமோ சார்ஜ் பண்ணாது, சிவப்பு விளக்கு முழிக்கும், மழையில் வைப்பரும் சேர்ந்து ஓடினால் ஹெட்லைட் மஞ்சளாகி அழும். மாருதி வண்டிகள் சாலைக்கு வந்த பிறகு இதற்கு விடிவு கிடைத்தது. புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் மாருதி ஆல்டர்னேட்டரைப் பொறுக்கி எடுத்து, லேத்தில் ஒரு பிராக்கெட் அடித்து வாங்கி, டைனமோ இருந்த இடத்தில் உட்காரவைத்தார்கள். இதில் வித்தையெல்லாம் பெல்ட் வரிசையில்தான். கிராங்க் புல்லி, வாட்டர் பம்ப் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி மூன்றும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். நூல் பிடித்துப் பார்ப்பார்கள். ஒரு வாஷர் கனம் தள்ளியிருந்தாலும் பெல்ட் கீச்சிடும், ஓரம் பிய்ந்துபோகும்.

பழைய சார்ஜிங் கட்டவுட் பெட்டிக்கு அதற்குப் பிறகு வேலை இல்லை. பலர் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் இரண்டு திருகு ஓட்டைகளை விட்டுவிடுவார்கள். ரசனைக்காரர் பெட்டியை அங்கேயே வைத்து, உள்ளே இருக்கும் சுருளை எடுத்துவிட்டு, ஒயர்களை அதற்குள்ளேயே சேர்த்து மூடிவிடுவார். வெளியே பார்த்தால் 1974. உள்ளே வேறு. இந்த மாதிரி ஒன்றைப் பார்க்கும்போது எனக்கு வரும் சந்தோஷத்தை வண்டிப் பைத்தியம் இல்லாதவர்களுக்கு விளக்கத் தெரியவில்லை.

சோழவரத்தைச் சொல்லாமல் இந்தக் கதை முடியாது. போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுபாதையில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் வருடா வருடம் பந்தயம் நடத்தியது. இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடம் வரும்வரை அதுதான் மெட்ராஸின் பந்தயக் களம். வீட்டு வண்டிகளான பியட்டும் அம்பாசடரும் ஹெரால்டும் அங்கே முறுக்கேறி வந்தன. அந்த வித்தைகள் மெல்ல மெல்ல ஊர் பட்டறைகளுக்குள் கசிந்தன. கோயம்புத்தூர் பக்கம் கேட்கவே வேண்டாம், தெருவுக்குத் தெரு லேத். பந்தயக்காரர் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து பந்தயக் காரையே கட்டிக் காட்டிய ஊர் அது.

பட்டறையிலிருந்து வீட்டுக்கு வந்த வித்தைகளில் எனக்குப் பிடித்தது போர்ட் வேலை. கார்புரேட்டரிலிருந்து காற்றும் பெட்ரோலும் மேனிஃபோல்ட் வழியாக ஹெட்டுக்குள் நுழைகிற வாயில், இரண்டு வார்ப்புகளும் சேரும் இடத்தில், ஒன்றுக்கொன்று சரியாகப் பொருந்தியிருக்காது. அரை மில்லிமீட்டரோ ஒரு மில்லிமீட்டரோ ஒரு படி நிற்கும். கேஸ்கெட்டை வைத்து ஊசியால் கோடு கிழித்து, அந்தக் கோடு வரை அரத்தால் தேய்த்து, பிறகு எமரித் தாளை விரலில் சுற்றி உள்ளே விட்டு வழித்தால் படி மறையும். அலுமினியம் என்பதால் சொன்னபடி கேட்கும், சொல்லாததையும் கேட்டுவிடும்; ஒரு இழுப்பு கூடினால் திரும்ப ஒட்ட முடியாது. கண்ணை மூடி சுண்டுவிரலை விட்டுப் பார்ப்பதுதான் சோதனை. இதில் ஒரு நுட்பம் உண்டு. பெட்ரோல் உள்ளே போகிற பக்கத்தைப் பளபளவென்று பாலிஷ் போடக் கூடாது. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தால்தான் சுவரில் படிகிற பெட்ரோல் திரும்பக் காற்றில் கலக்கும். பாலிஷ் புகை போகிற பக்கத்துக்கு மட்டும். இதனால் குதிரைத்திறன் எவ்வளவு கூடியது என்று கேட்டால் சிரிப்புதான் வரும். வண்டியின் மொத்தத் திறனே நாற்பது சொச்சம். ஆனால் மூன்றாவது கியரில் ஏற்றம் ஏறும்போது எஞ்சினின் முனகல் குறைந்திருக்கும். ஓட்டுகிறவருக்கு மட்டும் தெரியும்.

சூட்டுக்கு எலக்ட்ரிக் ஃபேன் நல்ல வேலை. அலுமினிய ஹெட் ஒருமுறை கொதித்தால் வளைந்துவிடும் என்பதால் செலவு வீண் இல்லை. பெட்ரோல் பம்புக்கு ஈரத்துணி போர்த்தி வேப்பர் லாக்கைச் சமாளித்த காலமும், எலக்ட்ரிக் பம்ப் வைத்த பிறகு முடிந்தது. பிளாட்டினம் பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதும் நல்லதுதான். ஃபீலர் கேஜும் கையுமாக நிற்பதில் சுகம் கண்டவர்கள் மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். பிரேக் விஷயத்தில் வீட்டு வேலை வேண்டாம் என்பது என் கட்சி. பூஸ்டர் வைப்பதென்றால் தெரிந்த பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

எல்லாரும் ஆசைப்பட்டது தரை கியர். இதில் நான் சிறுபான்மை. ஸ்டியரிங் பக்கத்தில் கியர் இருந்ததால்தான் முன்னால் நீளமான சீட், நடுவில் ஒரு பொடியன் உட்கார இடம், குடும்பமே ஒரே வண்டியில் திருப்பதி. கியர் தொளதொளவென்று ஆடுகிறது, மூன்றாவது விழமாட்டேன் என்கிறது என்பார்கள். பெரும்பாலும் குற்றம் கியரில் இருக்காது; லிங்க் கம்பிகளின் முனையில் இருக்கும் புஷ்கள் தேய்ந்திருக்கும். சில்லறைச் சாமான். அவற்றை மாற்றி, கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால், இரண்டு விரலால் தள்ளுகிற கியர் திரும்பி வந்துவிடும். அதற்குப் பதிலாகத் தரையில் ஓட்டை போட்டு, சீட்டை அறுத்து இரண்டாக்கி, நடுவில் ஒரு குச்சி நட்டவர்கள் பத்மினியை வேறு ஏதோ வண்டியாக்கப் பார்த்தார்கள். ஆகவில்லை.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துபவர்களைப் பற்றி மரியாதையாக எழுத முடியாது. முன்னால் இரட்டை விஷ்போன் வைத்து, காயில் ஸ்பிரிங்கின் உயரத்துக்குக் கணக்கு போட்டுச் சக்கரத்தின் சாய்வை வைத்திருக்கிறார்கள். இரண்டு சுற்று வெட்டினால் சாய்வு போச்சு, டயர் உட்பக்கம் மொட்டை, தெருமுனை வேகத்தடையில் அடிவயிறு இடிக்கும். டிக்கி மேல் ஸ்பாய்லர் வைத்த பத்மினியையும் பார்த்திருக்கிறேன்.

உள்ளே ஏ.சி. போட்டவர்களைக் குறை சொல்லமாட்டேன். மே மாதம் மே மாதம்தான். ஆனால் டேஷ்போர்டுக்கு அடியில் பெட்டி தொங்கவிட்டு அந்தச் சின்ன எஞ்சினில் கம்ப்ரஸரைக் கட்டினால், ஒவ்வொரு மேம்பாலத்திலும் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஏற வேண்டும். முன்கதவின் முக்கோணக் கண்ணாடியை முழுக்கத் திருப்பி வைத்தால், நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். அதன் ரப்பர் பீடிங்கை மாற்றி, கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுவதுதான் பத்மினிக்கு ஆகிற மலிவான ஏ.சி. வேலை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிந்திருக்கும் விவரங்கள் கம்பெனியின் அசல் விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே வருடத் திருத்தத்தில் அபராதமும் சிறையும் சேர்ந்தன. எஞ்சினையே மாற்றுகிற ஆசை வந்தால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போய்விட்டு வருவது நல்லது. ரிலேக்கும் புஷ்ஷுக்கும் யாரும் வந்து கேட்கப்போவதில்லை.

பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு சாலையை விட்டுப் போய்விட்டன. சொந்த வண்டிகள் இன்னும் அங்கங்கே ஷெட்டில் தூசி படிந்து நிற்கின்றன. உங்கள் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ ஒன்று இருந்தால், பெயிண்டிலும் அலாய் வீலிலும் ஆரம்பிக்காதீர்கள். முதலில் எர்த் ஒயர்கள், பிறகு ரிலே, பிறகு பிரேக்கைத் தெரிந்த பட்டறையில் காட்டுவது, அப்புறம் ஆல்டர்னேட்டர். கழற்றுகிற ஒவ்வொரு சாமானையும் சீட்டு எழுதிக் கட்டிப் பரணில் வையுங்கள். டைனமோவை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நல்ல ஆர்மேச்சர் உள்ள பியட் டைனமோ இப்போது தேடினாலும் எளிதில் கிடைப்பதில்லை.