துருவுக்கு என்ன விலை?

காரைக்குடிக்குப் போகிறவர்கள் பொதுவாக மூன்று காரியம் செய்வார்கள். பெரிய வீட்டுத் தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுப்பார்கள். மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் காரத்தில் கண் கலங்குவார்கள். முனீஸ்வரன் கோயில் தெருவில் யாரோ ஒரு ஆச்சியின் டிரங்குப் பெட்டிக்குப் பேரம் பேசுவார்கள். போனமுறை நான் நாலாவதாக ஒன்று செய்தேன். ஒரு டிங்கர் பட்டறையில் அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

காரணம், ஜீப் பைத்தியமான ஒரு நண்பர். அவரிடம் இருப்பது இரண்டாம் உலகப் போர் காலத்து மாடல். 1941-லிருந்து 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து சுமார் 6.4 லட்சம் வண்டிகள் செய்து தள்ளின. போர் முடிந்ததும் மிஞ்சியதெல்லாம் டிஸ்போசலில் விலைக்குப் போனது. அந்த ஜீப்பில் பின்சக்கரங்களுக்கு மேலே, பக்கத்துக்கு ஒன்றாக, மூடி போட்ட கருவிப் பெட்டி இருக்கும். நண்பரின் வண்டியில் மூடி இருந்தது, அடி இல்லை. தண்ணீர் தேங்கித் தேங்கித் துரு தின்றுவிட்டது.

பட்டறைக்காரர் முதலில் தகட்டைத் தொடவே இல்லை. ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அளந்து, மடித்து, அட்டையிலேயே ஒரு பெட்டி செய்து பார்த்தார். 18 கேஜ் தகடு 1.2 மில்லிமீட்டர் கனம். மடிக்கும்போது அந்தக் கனத்தைக் கணக்கில் சேர்க்க மறந்தால் மூடி உட்காராது. இரண்டு மடிப்புகள் சந்திக்கும் மூலையில் முதலிலேயே சின்னத் துளை போடாவிட்டால் தகடு கிழியும். வெல்டிங்கை ஒரே இழுப்பாக வைத்தால் சூட்டில் அப்பளம்போல் நெளியும். அதனால் இங்கே ஒரு பொட்டு, ஆறவிட்டு அங்கே ஒரு பொட்டு. விளிம்பை உள்பக்கம் மடித்துவிட்டால் கையைக் கிழிக்காது, பெட்டிக்கும் விறைப்பு வரும். எல்லாம் முடிந்தபிறகு, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை.

பெட்டி ஜோராக வந்தது. நண்பர் முகத்தில் மட்டும் சுரத்தில்லை.

‘‘ரொம்பப் புதுசாத் தெரியுதே அண்ணே... உப்புத்தண்ணி அடிச்சு ஒரு மாசம் மொட்டை மாடில போட்டா பழசு மாதிரி ஆயிடும்ல?’’

பட்டறைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். ‘‘துரு போகணும்னுதானே சார் வந்தீங்க?’’

எனக்கு விமர்சனம் எழுத வேறு எதுவும் தேவைப்படவில்லை.

நான் பி.காம். படித்தவன். எங்கள் பாடத்தில் தேய்மானம் செலவுக் கணக்கில் வரும். பழம்பொருள் உலகத்தில் அதுவே வரவு! இதில் வேடிக்கை என்னவென்றால், துருவை எப்படித் தடுப்பது என்று ஆராய்ச்சி செய்யும் ‘சிக்ரி’ இருப்பதும் இதே காரைக்குடியில்தான். அதற்காக வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்தார். 1953-ல் திறந்தார்கள். அந்த ஊரில் வந்து துருவை வரவழைக்க வழி கேட்கிறோம்.

நண்பர் பக்கமும் நியாயம் உண்டு. பழைய உடம்பில் புதுத் தகடு பளபளத்தால் கண்ணை உறுத்தும்தான். அதற்கு ரெட் ஆக்சைடு அடித்து, மேலே வண்டியின் நிறத்தையே அடித்தால் போதுமே. உப்புத்தண்ணீர் கண்ணுக்காக இல்லை, நாளைக்கு வாங்க வருகிறவருக்காக. அவர் 1944-ம் வருஷத்துத் தகட்டுக்கு விலை கொடுத்து, காரைக்குடித் தகட்டை வாங்கிப் போவார். இதற்குக் கணக்குப் புத்தகத்தில் வேறு பெயர்.

அரசாங்கமாவது தெளிவாக இருக்கிறதா? 2021-ல் விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி வந்தது. 50 வயது தாண்டிய வண்டிக்கு 20,000 ரூபாய் கட்டினால் பத்து வருஷத்துக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு நம்பர். ஆனால், வண்டி அதன் அசல் வடிவில் இருக்கவேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. சரி, ராணுவ ஜீப்பின் அசல் நிறம் ஆலிவ் பச்சை ஆயிற்றே? அந்தப் பச்சையைப் பாதுகாப்புத் துறை தவிர யாரும் அடிக்கக்கூடாது என்கிறது மோட்டார் வாகன விதி 121. அசலாகவும் இருக்கணும், அசல் நிறமும் கூடாது!

அசல் என்றால் என்னவென்று அந்த ஜீப்பே சொல்கிறது. வண்டியின் பின்னால் கம்பெனி பெயரைப் பொறிக்காதே என்று 1942-ல் அமெரிக்க ராணுவம் நிறுத்திவிட்டது. ஃபோர்டு அசரவில்லை. போல்ட் தலையில்கூட ‘எஃப்’ எழுத்தைப் போட்டே அனுப்பியது. என் கைவேலை இது என்று சொல்வதில் ஒரு போல்ட்டுக்கு இருக்கும் ரோஷம் ஒரு பெட்டிக்கு இருக்கக்கூடாதா?

செட்டிநாட்டுக்கு இது புதிதில்லை. டம்ளர், அண்டா, தூக்குவாளி என்று சீர் சாமான் அத்தனையிலும் இனிஷியல் வெட்டி வைக்கிற ஊர். நூறு வருஷம் கழித்தும் எந்தப் பாத்திரம் எந்த வீட்டுடையது என்று தெரிவது அதனால்தான். நண்பரிடம் சொன்னேன்: மூடியின் உள்பக்கம் ‘காரைக்குடி’ என்று போட்டு, வருஷமும் செய்தவர் பெயரும் வெட்டச் சொல்லுங்கள். இன்னும் 50 வருஷம் போனால் அதுவும் அசல்தான்.

நண்பர் யோசித்துக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் யோசிக்கவில்லை. உளியைத் தேடிக்கொண்டே கேட்டார்:

‘‘இனிஷியலோட வெட்டிரவா சார்?’’