கருவியா, கருத்தாவா? நலவாழ்வு ஆய்வில் மக்கள் ஈடுபாடு பற்றிய ஒரு வரையறையும் இளம் ஆய்வாளர் பயிற்சியும்

பிரித்தானியாவில் 1996ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றுப் பின்னர் 'இன்வால்வ்' என அறியப்பட்ட அமைப்பு, நலவாழ்வு ஆய்வில் பொதுமக்களை ஈடுபடுத்துதல் என்பதற்கு ஒரு வரையறை வகுத்தது. மக்கள்மீதோ, மக்களைப் பற்றியோ, மக்களுக்காகவோ நிகழ்வதன்று. மக்களோடு அல்லது மக்களால் நிகழ்வதே அத்தகைய ஆய்வு என்பது அதன் சாரம். இளம் ஆய்வாளர்க்குரிய பயிற்சிகள் பலவும் இவ்வரையறையைச் சார்ந்தே அமைகின்றன. வரையறையின் சுமை முழுவதையும் ஆங்கிலத்தில் முன்னிடைச் சொற்கள் தாங்குகின்றன. தமிழில் அச்சுமை பெரும்பாலும் வேற்றுமை உருபுகளின்மேல் விழுகிறது. அவ்விடத்தில் ஒரு சிக்கலும் புலப்படுகிறது.

'ஓடு', 'ஆல்' ஆகிய இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபுகளே. நன்னூல் அவ்வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி எனப் பொருள் கூறும். 'நோயாளரால் அமைந்த ஆய்வு' எனின், நோயாளர் கருத்தாவா, கருவியா? உருபு அதனைக் காட்டாது, சூழலே காட்டும். நிதி விண்ணப்பத்தில் மக்கள் ஈடுபாடு பற்றிய பகுதியை நிரப்புவதற்கு மட்டும் நோயாளர் கூட்டம் உதவியிருப்பின் அவர்கள் கருவி. ஆய்வு வினாவையே அவர்கள் மாற்றியிருப்பின் கருத்தா.

இவ்வேறுபாடு சொல்லளவினதன்று. முடக்குவாத மருந்தாய்வுகளில் எவற்றை அளப்பது என வகுக்கும் 'ஓமெராக்ட்' எனும் பன்னாட்டு மாநாட்டிற்கு, 2002இல் நோயாளர் பங்காளராக அழைக்கப்பட்டனர். வீங்கிய மூட்டுகள், வலி, இயங்குதிறன் முதலியன முன்னரே அடிப்படை அளவீடுகளாக ஏற்கப்பட்டிருந்தன. நோயாளரோ உடற்சோர்வைப் பற்றிப் பேசினர். அன்றாட வாழ்வை முடக்கும் அச்சோர்வு அத்தொகுதியில் இடம்பெற்றிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டு மாநாட்டில்தான் அதுவும் அளக்கப்படவேண்டும் என்பது ஏற்கப்பட்டது. எதை அளப்பது என்பதையே மாற்றியதால் இங்கு நோயாளர் ஐயமின்றிக் கருத்தா. நோயாளரை வினாப்பட்டியலுக்கு விடையளிப்போராக மட்டும் அழைத்திருந்தால் சோர்வு வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே; பட்டியலில் இல்லாததற்கு எவரும் விடையளிப்பதில்லை.

இனி உடனிகழ்ச்சி. ஒரு வினையில் இருவர் உடன் நிகழுங்கால் 'ஒடு' உயர்ந்தோர் பெயரைச் சாரும் என்பது தொல்காப்பிய மரபு. 'ஆசிரியரோடு மாணவர் வந்தார்' என்பதே நெறி. அதன்படி 'நோயாளரோடு ஆய்வாளர்' எனும் தொடர் நோயாளரை மேலிடத்தில் வைக்கிறது. (வரையறை வகுத்தோர் இதனைக் கருதியிருக்க இயலாது எனினும் பொருள் பொருந்தி வருகிறது.)

பயிற்சிகளின் நடைமுறை இதற்கு எதிர்நிலையில் உள்ளது. எளிய நடையில் சுருக்கம் எழுதுதல், கூட்டம் நடத்துதல், பயணச்செலவு வழங்குதல் ஆகியன கற்பிக்கப்படுகின்றன. இவை வேண்டுவனவே. ஆயினும் 2019இல் வெளியான பிரித்தானியத் தரநெறிகள் ஆறனுள் ஒன்று ஆளுகை, அதாவது முடிவெடுப்பில் மக்களுக்குரிய பங்கு. முனைவர்பட்ட ஆய்வாளர் பலர் சேரும்போதே வினாவும் முறையியலும் நெறியாளராலும் நிதி வழங்குவோராலும் உறுதிசெய்யப்பட்டுவிடுகின்றன. தம்மிடம் இல்லாத அதிகாரத்தை அவர் எவ்வாறு பகிர்வார்? அவரிடம் எஞ்சுவது துண்டறிக்கையின் சொற்களைத் திருத்தித் தருமாறு நோயாளரை வேண்டுவதே. இக்குறையை மாணவரின் திறன்குறைவாகக் கருதி மேலும் ஒரு பட்டறை நடத்துவது பொருந்தாது. பயிற்சிக்கு நெறியாளரும் உட்படவேண்டும். பதிவுக்குப் பின்னர்ச் சில திங்களேனும் வினா திறந்திருக்கவேண்டும். அக்காலத்தில் நோயாளர்க்கு வழங்கும் மதிப்பூதியத்திற்கு நிதி ஒதுக்கப்படவேண்டும்.